காட்டோரத் தங்கல்: வருவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தின் கொட்டியாரப்பற்றில், காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில், எழுதுவோரும் வரைவோரும் இசை, நாடகம் செய்வோரும் ஒரு மாதம் தங்கி வேலை செய்யவும், ஊரிலுள்ள கைவினைஞர்களிடம் பழகவும் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய ஏற்பாட்டைச் செய்து வருகிறோம். வர விரும்புவோர் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம். சில பதில்கள் நீண்டுவிட்டன. அவை பெரும்பாலும் நாங்கள் முதலில் பிழைவிட்டு, பிறகு திருத்திக்கொண்ட இடங்கள்.

படைப்புத் தங்கல் என்றால் என்ன? இது ஒரு விடுதியா, பயிற்சி வகுப்பா?

இரண்டும் இல்லை. கலைஞர் ஒருவருக்கு வீட்டு வேலை, அலுவலக வேலை எதுவும் இல்லாத சில வாரங்களைக் கொடுத்து, ஓர் இடத்தில் தங்கவைப்பதையே ரெசிடென்சி என்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையரில் இசையமைப்பாளர் எட்வர்ட் மக்டொவலும் அவருடைய மனைவி மரியனும் தங்கள் பண்ணையில் 1907 இல் தொடங்கியது இதற்குப் பேர்பெற்ற உதாரணம். அங்கே கலைஞரின் கவனம் கலையக்கூடாது என்பதற்காக மதிய உணவைக் கூடையில் வைத்து, அவர் வேலை செய்யும் குடிலின் வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவது வழக்கம். நமக்குக் கிட்டிய உதாரணம் சென்னைக்குத் தெற்கே 1966 இல் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம். அங்கே ஓவியர்கள் தாங்களே காணி வாங்கிக் குடியேறி, பத்திக் போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத் தங்கள் ஓவியத்துக்குச் சோறு போட்டார்கள்.

எங்கள் மனம் இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது. இங்கே மதியச் சாப்பாட்டுக் கூடை வாசலுக்கு வராது. நீங்கள்தான் அடுக்களைக்கு வர வேண்டும், தேங்காய் துருவித் தரச் சொன்னால் துருவவும் வேண்டும். முழுத் தனிமை தேவைப்படும் கட்டத்தில் உங்கள் வேலை இருந்தால், வேறிடம் தேடுவது உங்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. ரெசிடென்சி என்ற சொல்லை ஊரில் யாரும் சொல்வதில்லை. "பழக வந்த பிள்ளையள்" என்பார்கள். அறுபது வயதில் வந்த ஒரு சிற்பிக்கும் அதே பெயர்தான் கிடைத்தது.

இடம் எங்கே இருக்கிறது? எப்படி வருவது?

திருகோணமலை நகரிலிருந்து மட்டக்களப்பை நோக்கிப் போகும் ஏ-15 வீதியில், கிண்ணியா, மூதூர் தாண்டி வெருகல் வரை நீளும் நிலத்தில் எங்கள் கிராமம் இருக்கிறது. ஒரு பக்கம் கொட்டியாறு விரிகுடா. நாட்டின் மிக நீளமான ஆறான மகாவலி அந்த விரிகுடாவில்தான் கடலோடு சேர்கிறது, அதன் ஒரு கிளை வெருகலாறாகத் தெற்கே பிரிந்து போகிறது. மறுபக்கம் காடும் குளங்களும் வயல்களும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை இந்தப் பயணம் நீர் கடக்கும் பயணமாகவே இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, பாதை என்று இங்கே அழைக்கப்படும் மிதவைக்குக் காத்திருந்து, அக்கரையில் வேறு பஸ் பிடித்த நினைவு நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் உண்டு.

கொழும்பிலிருந்து வருவோருக்கு இரவுப் புகையிரதம் வசதியானது. கல்லோயாச் சந்தியில் பிரிந்து வரும் இந்தக் கிளைப்பாதை 1927 இல் திறக்கப்பட்டது. விடியும் வேளையில் கந்தளாய், தம்பலகாமம் வயல்களுக்கு ஊடாக வரும் அந்தக் கடைசி ஒரு மணித்தியாலத்தைத் தூங்கிக் கழித்துவிடாதீர்கள் என்பது எங்கள் வேண்டுகோள். நகரிலிருந்து மூதூர்ப் பக்கம் போகும் பஸ்கள் பகலில் அடிக்கடி உண்டு. பொழுதுபட்ட பிறகு வந்து சேர வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

இந்தக் கரைக்கு வந்து நெடுநாள் தங்கியவர்களில் உலகம் அறிந்தவர் ரொபர்ட் நொக்ஸ். புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலேயக் கப்பலோடு கொட்டியாறு விரிகுடாவுக்கு வந்து, 1660 இல் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, உள்நாட்டில் 19 ஆண்டுகள் சிறையில்லாச் சிறையிருந்து, தொப்பி பின்னி விற்றுப் பிழைத்து, 1679 இல் தப்பிப் போய் 1681 இல் தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். விருப்பமில்லாமல் தங்கியவர்தான், ஆனாலும் ஊரைக் கவனிப்பதற்குக் காலம் எவ்வளவு உதவும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எங்களிடம் இல்லை. ஒரு கிழமை மட்டும் வந்து தங்கலாமா என்று கேட்போருக்கு நாங்கள் மறுப்புச் சொல்வதற்கும் அதுவே காரணம். குறைந்தது 28 நாட்கள். ஒரு தடவையில் நான்கு பேர்.

எந்த மாதம் வருவது நல்லது?

என்ன செய்ய வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிழக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும், வீதிகளில் வெள்ளம் ஏறும், சில நாள் ஊரைவிட்டு வெளியேற முடியாமலும் போகலாம். எழுதுவோருக்கு அது பிடிக்கிறது. மழைக்குள் அகப்பட்டவர்கள்தான் அதிகப் பக்கம் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெரும்போக வேளாண்மை அறுவடை மாசி, பங்குனியில். சூடடிக்கும் களமான களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்று சொல்லும் பழக்கமும், சூடு மிதிக்கும்போது பாடும் பாட்டும் மூத்தவர்களின் வாயில் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அறுவடை இயந்திரம் ஒரே நாளில் வயலை முடித்துவிட்டுப் போகிறது. பாடுவதற்கு அதில் இடைவெளி இல்லை. பாட்டைக் கேட்க விரும்புவோர் அறுவடை முடிந்து ஆறுதலாக இருக்கும் பங்குனிக் கடைசியில் வந்தால், திண்ணையில் உட்கார்ந்து பாடிக் காட்டுவார்கள்.

சித்திரைக்குப் பிறகு கடல் அமைதியாகும், கரையில் நின்று கூட்டமாக இழுக்கும் கரைவலை மும்முரமாகும். வைகாசி மாதம் கிழக்கின் கண்ணகி அம்மன் கோயில்களில், அம்மனைக் குளிர்விக்கும் சடங்கான குளிர்த்தி. வைகாசி, ஆனியில் காட்டில் பாலைப்பழம் பழுக்கும். மஞ்சள் நிறத்தில், விரல்நுனி அளவில், பால் பிசுபிசுப்போடு இருக்கும் அந்தப் பழத்தைத் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். கரடிகளுக்கும் அது மிகப் பிரியம் என்பதால், பறிக்கப் போகும்போது ஊரார் கூட்டமாகத்தான் போவார்கள். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் என்னும் மேல்காற்று காடு தாண்டிச் சூடாக அடிக்கும். ஓலை வேலை பழக வருவோர் அந்தக் காற்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: பகல் பத்து மணிக்குப் பிறகு ஓலை நொறுங்கும். காலைப் பனியிலும் மாலையிலும்தான் இழைக்க முடியும், நடுப்பகலில் எல்லோரும் படுத்துவிடுவார்கள். நீங்களும் படுக்கலாம்.

யார் விண்ணப்பிக்கலாம்?

தமிழில் பேசிப் பழகக்கூடிய யாரும். பட்டம், கண்காட்சி அனுபவம் தேவையில்லை. என்ன வேலையோடு வருகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, அந்த வேலை நடக்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். நாங்கள் முதலில் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான்.

என்ன கைவினைகளைப் பழகலாம்? ஒரு மாதத்தில் கற்க முடியுமா?

ஊரில் உயிரோடு இருப்பவை பனையோலை வேலை, பன் என்னும் கோரைப்புல்லால் பாய் இழைத்தல், வலை பொத்துதல், கொஞ்சம் தச்சு வேலை. ஒரு மாதத்தில் கைவினைஞர் ஆக முடியாது. ஒரு பொருளை மட்டும் ஒழுங்காகச் செய்யப் பழகலாம், அதுவே போதுமானது என்று நினைக்கிறோம்.

பெரும்பாலானோர் நீத்துப்பெட்டியில் தொடங்குகிறார்கள். பிட்டு அவிக்கும் கூம்பு வடிவப் பெட்டி அது. பானையின் வாயில் இறங்கி உட்கார்ந்து, ஓலையின் இடுக்குகளால் ஆவியை மேலே விடுவது அதன் தொழில். இறுக்கமாக இழைத்தால் ஆவி வராது, பிட்டு வேகாது. நெகிழ்வாக இழைத்தால் மா கீழே கொட்டும். கண்ணால் பார்த்து அந்த அளவைப் பிடிக்க முடியாது. குருத்தோலையை வெட்டி, வெயிலில் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, வார்ந்து, தண்ணீர் தெளித்துத் துணியில் சுற்றி வைத்து, கத்தியின் முதுகால் ஒவ்வொரு வாராக இழுத்து நீவ வேண்டும். இந்த ஆயத்தத்துக்கே முதல் கிழமை போய்விடும். அவசரப்படுவோர் நீவாமல் இழைக்கத் தொடங்குவார்கள், மூன்றாவது மடிப்பில் ஓலை விண்டுவிடும். பழக்கித் தரும் அக்கா அப்போது எதுவும் சொல்ல மாட்டார். விண்ட வாரை எடுத்து அடுப்பங்கரைக்கு எறிந்துவிட்டு, இன்னொன்றை நீட்டுவார். கூம்பின் முனையை மூடித் திருப்பும் இடம்தான் எல்லோரும் தடுமாறும் இடம். அவர் விரல்களை மெதுவாக்கிக் காட்டச் சொன்னால், அவருக்கே மறந்துவிடுகிறது. வேகமாகச் செய்தால்தான் கைக்கு ஞாபகம் வருகிறது என்பார். நாங்கள் பார்த்தவரை, காணொளி எடுத்துப் பார்த்துக் கற்றவர்களைவிட, பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து பெட்டி பழுதாக்கியவர்கள் நன்றாகக் கற்றிருக்கிறார்கள்.

பாய் வேலை பெரும்பாலும் முஸ்லிம் பெண்களின் கையில் இருக்கிறது. குளக்கரையில் வளரும் பன்னை அறுத்து, காயவைத்து, கிழித்து, சாயத்தில் அவித்து எடுப்பார்கள். சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டையும் மஞ்சளுக்கு மஞ்சளும் போட்ட காலம் போய், இன்று கடையில் வாங்கும் தூள்தான் பெரும்பாலும். பழைய சாயம்தான் வேண்டும் என்று வருவோர் அடம்பிடிப்பதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. வேண்டுமானால் நீங்கள் கட்டை வாங்கி வந்து, விறகு வெட்டி, நீங்களே அவித்துப் பாருங்கள். கண்டி மாவட்டத்தின் தும்பறைப் பாய் நெசவு 2021 இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றதை எங்கள் பக்கத்துப் பெண்களிடம் சொன்னபோது, "அதுக்குப் பிறகு பாயிட விலை கூடினதா?" என்று ஒரு ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை இப்படித்தான் அழைப்பார்கள்) கேட்டார். பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

மரவேலை செய்ய விரும்புகிறேன். காட்டிலிருந்து மரம் எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. விழுந்து கிடக்கும் கொப்பும்கூடக் கூடாது. 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின்படி ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவதும் அகற்றுவதும் குற்றம். மரத்தைக் கொண்டுபோவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். சரணாலயங்களுக்கும் தேசிய பூங்காக்களுக்கும் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது. நீங்கள் பிடிபட்டால் நீங்கள் ஊருக்குப் போய்விடலாம். உங்களைக் கூட்டிக்கொண்டு போன பையன்தான் நீதிமன்றத்துக்கு அலைவான்.

ஆனால் மரங்களை அறிவதற்கு வெட்டத் தேவையில்லை. இது வறண்ட வலயத்து என்றும் பசுமையான காடு. பாலை, வீரை, முதிரை, கருங்காலி, சமண்டலை, விளா, நாவல், ஆற்றோரத்தில் மருது. பாலை மிக மெதுவாக வளரும், வைரம் பாய்ந்தால் ஆணி இறங்காது. முதிரை அறுத்தால் பட்டுத்துணிபோல் மினுங்கும். சமண்டலைக்கு ஒரு தனிக் கதை உண்டு. இலேசாகவும் வளைந்து கொடுப்பதாகவும் முறியாததாகவும் இருப்பதால், பீப்பாய்க்கும் வண்டிக்கும் படகுக்கும் அது தேடப்பட்டது. இங்கிருந்து கப்பலேறிச் சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்குப் போனது. மர வணிகத்தில் அதற்கு விழுந்த பெயரே ட்ரிங்கோமலி வுட், திருகோணமலை மரம். அலையில் அடிபடும்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காக ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள் அவை. நம் ஊரின் பெயரைத் தாங்கிய மரத்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அடையாளம் காட்டுவார்கள் என்பது வேறு கேள்வி.

செதுக்க வருவோருக்கு நாங்கள் வேம்பும் பழைய வீட்டுக் கதவு, நிலைகளில் கழன்ற துண்டுகளும் தருகிறோம். கடலில் கைவிட்ட வள்ளங்களின் பலகையும் சில நேரம் கிடைக்கும். உரியவரிடம் கேட்டு, விலை கொடுத்து எடுக்க வேண்டும். கரையில் கிடப்பதெல்லாம் உரியவர் இல்லாதது என்று நினைக்க வேண்டாம்.

காட்டுக்குள் தனியாகப் போகலாமா?

இல்லை. ஊரில் ஒருவருடன், காலை வெயில் ஏறிய பிறகு போய், மாலை நான்கு மணிக்குள் திரும்ப வேண்டும். முதல் காரணம் யானை. வயல் விளையும் காலத்திலும் விளாம்பழம் விழும் காலத்திலும் யானை ஊருக்குள் வரும். பொழுதுபட்டபின் வீதியில் நடப்பது, மோட்டார் சைக்கிளில் போவது இரண்டும் ஆபத்து. யானையைப் படமெடுக்கக் கிட்டப் போவதை நாங்கள் எந்த நிலையிலும் ஏற்க மாட்டோம். இரவில் வெடிச்சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், வயல் காவலில் இருப்பவர்கள் யானை வெடி கொளுத்துகிறார்கள்.

இரண்டாவது காரணம் பாம்பு. கண்ணாடி விரியனும் நாகமும் இங்கே சாதாரணம். மூடிய சப்பாத்து, கையில் டோர்ச். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ உறிஞ்சவோ கூடாது. அசையாமல் படுக்கவைத்து, 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் பலருக்குப் புதிதாக இருக்கும். காட்டில் செங்கல் மேடுகளும் கல்தூண்களும் ஓட்டுத் துண்டுகளும் கிடக்கும். அழகாக இருக்கிறது என்று ஒரு ஓட்டுத் துண்டைப் பையில் போட்டாலும் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் குறுக்கே வரும். இந்த மாவட்டத்தில் பழைய கல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாருடையது என்ற வழக்கும் இருக்கிறது. அதற்குள் விருந்தாளி கை வைக்க வேண்டியதில்லை. பார்த்து, வரைந்து, விட்டுவிட்டு வாருங்கள்.

தேன் எடுப்பவர்களுடன் போக முடியுமா? வேடர்களைச் சந்திக்கலாமா?

மூதூர், வெருகல் பக்கங்களில், இலங்கையின் பழங்குடிகளான வேடர் வழிவந்த தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. காடும் கடலும் இரண்டும் அறிந்தவர்கள். அவர்களைப் "பார்க்க" வர விரும்புவதாக எழுதும் விண்ணப்பங்களை நாங்கள் ஏற்பதில்லை. ஒரு மாதம் இருக்கும்போது சந்தையிலும் கோயிலிலும் பஸ்ஸிலும் சந்திப்பீர்கள். தேன் எடுக்கவோ வேறெதற்கோ அவர்களாக அழைத்தால் போங்கள். சடங்குகளுக்குக் கெமராவோடு போவதில்லை.

அம்பா, கூத்து, கவி முதலியவற்றைப் பதிவு செய்யலாமா?

கேட்டபிறகு பதிவு செய்யலாம். கரைவலை இழுக்கும்போது இரண்டு வரிசையாக நின்று, ஒருவர் முதலெடுக்க மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுக்கும் அம்பாப் பாட்டை, கரையில் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு நின்று பதிவு செய்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஊர் வழக்கம் என்னவென்றால், வலைக்கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பவன் கயிற்றைப் பிடிக்க வேண்டும். முதலில் இழுங்கள். உள்ளங்கை எரியத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பாட்டில் மூச்சை எங்கே விடுகிறார்கள், ஏன் அங்கே விடுகிறார்கள் என்பது விளங்கும். உழவு இயந்திரத்தால் வலையிழுக்கும் வாடிகளில் (மீனவர் தங்குமிடங்களில்) பாட்டு இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

வடமோடி, தென்மோடிக் கூத்து ஆட்டங்களுக்கும் முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவி, பொல்லடி என்னும் கோலாட்டம், பக்கீர்கள் பாடும் பைத் போன்றவற்றுக்கும் இதே ஒழுங்கு. பெண்கள் பாடும் கவிகளை அவர்கள் அனுமதித்தால் எழுதிக்கொள்ளலாம். குரலைப் பதிவு செய்வதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். எழுத்துக்குச் சம்மதித்தவர் குரலுக்கும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ட்ரோன் கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் உள்ள மாவட்டம் இது. கொண்டுவராதீர்கள்.

இங்கே கற்ற வடிவங்களை என் படைப்பில் பயன்படுத்தலாமா?

இந்தக் கேள்விக்கு முன்னர் எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆரம்பத்தில் வந்த ஒரு வடிவமைப்பாளர், பாய் இழைக்கும் ஒரு ராத்தாவின் வீட்டில் பத்து நாள் இருந்தார். கரும்பச்சைக் கரைக்குள் நெல்மணி சாய்ந்தாற்போல் ஓடும் ஒரு பின்னல் ராத்தாவுடைய கைக்கே உரியது. அவருடைய உம்மாவிடமிருந்து வந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பின்னல் நகரத்துக் கடையொன்றில் துணிப்பைகளில் அச்சாகி வந்திருந்தது. யாரோ வாங்கி வந்த பையை ராத்தா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூலைல ஒரு இழை பிழைச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் கோபப்படவில்லை என்பதால் எங்களுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. தவறு எங்களுடையது, யாரிடமும் எதையும் எழுதி வாங்கியிருக்கவில்லை.

இப்போது வந்த முதல் நாளே ஓர் எளிய தமிழ்த் தாளில் மூன்று விடயங்களை எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்திடுகிறோம். ஒருவரிடம் கற்றதைக் காட்சிக்கு வைத்தால் அவர் விரும்பும் விதத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். அதை விற்றால் விற்பதற்கு முன் அவரிடம் கேட்டுப் பங்கு பேச வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் வெளிப்பாடுகளைப் பாதுகாக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. ஆனால் பாய் இழைக்கும் பெண் அந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போவார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் இந்தத் தாள்.

கட்டணம் எவ்வளவு? பணம் எங்கே போகிறது?

தொகை ஆண்டுக்காண்டு விலைவாசியோடு மாறுவதால் தெரிவுக்குப் பின் அறிவிக்கிறோம். கணக்கின் முறை மட்டும் மாறாது. நீங்கள் கட்டும் பணத்தில் தங்குமிடம், சாப்பாடு ஒரு பங்கு. கற்பிப்பவரின் கூலி மற்றப் பங்கு. அந்தக் கூலியை எப்படித் தீர்மானிப்பது என்பதில் நீண்ட நாள் குழம்பினோம். பெட்டி ஒன்றின் சந்தை விலையை வைத்துக் கணக்கிட்டால் ஒரு நாள் உழைப்பு வெட்கப்படத்தக்க தொகையாக வந்தது. கடைசியில் ஊர் மேசனுக்கு அன்று என்ன நாட்கூலியோ அதற்குக் குறையாமல் ஓலை இழைக்கும் பெண்ணுக்கும் என்று முடிவு செய்தோம். ஒரு மேசன் சுவர் கட்டுவதைத் தொழில் என்றும், ஒரு பெண் பெட்டி இழைப்பதைப் பொழுதுபோக்கு என்றும் வைத்த கணக்கை எங்களால் வேறு எந்த வழியிலும் உடைக்க முடியவில்லை. நீங்கள் வராத நாளுக்கும், அவர் உங்களுக்காக ஒதுக்கியிருந்தால், கூலி உண்டு.

மாவட்டத்துக்குள் இருந்து வரும் ஒருவருக்கு ஒவ்வொரு தடவையும் கட்டணம் இல்லை. இந்த இடம் வெளியாருக்கு மட்டுமே என்று ஆகிவிடக் கூடாது.

போர்க்காலம் பற்றிய படைப்புச் செய்ய வருகிறேன். மக்களைப் பேட்டி காணலாமா?

பேட்டி என்று தொடங்காதீர்கள். 2004 டிசம்பர் 26 இன் கடல்கோளும், 2006 இன் இடப்பெயர்வும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் மேல் அடுத்தடுத்து விழுந்தவை. சம்பூர்ப் பகுதி மக்கள் தம் காணிகளுக்கு மீண்டும் திரும்பத் தொடங்கியது 2015 இல்தான். ஒவ்வொரு குடும்பமும் இதைப் படிவங்களில், விசாரணைகளில், ஆய்வாளர்களிடம் பலமுறை சொல்லியாயிற்று. இன்னொரு தடவை சொல்லச் சொல்வதற்கு உங்கள் கலை போதிய காரணம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை நீவிக்கொண்டிருந்தால் சில வேளை அவர்களாகச் சொல்வார்கள். அப்போது கையில் தொலைபேசி இருக்கக் கூடாது. சொன்னதை எழுதலாமா என்று மறுநாள், பகலில், மற்றவர்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். பேர், ஊர், உறவு மாற்றினால் போதும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். இந்தச் சிறிய ஊர்களில் ஒரு கிணற்றின் விவரணையே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

யாரை எப்படி அழைப்பது? உடை, வழிபாட்டு இடங்கள் பற்றி?

2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம், தமிழ், சிங்கள மக்கள் வாழும் இந்த மாவட்டத்தில் எந்த ஒரு சமூகமும் பாதியை எட்டவில்லை. எங்கள் வீதியிலேயே கோயில் மணியும் பாங்கும் கேட்கும். தமிழ் வீடுகளில் அக்கா, அண்ணை, அம்மா, ஐயா. முஸ்லிம் வீடுகளில் ராத்தா, நானா, உம்மா, வாப்பா. வயது குறைந்தவரையும் முதல் நாளில் நீங்கள் என்றே அழையுங்கள். பெயர் சொல்லி அழைப்பது உங்கள் நகரத்தில் நட்பாக இருக்கலாம், இங்கே அது கொஞ்சம் உறுத்தும். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். நோன்பு மாதத்தில் பாய் பழகுவோர் பகலில் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் கவனிப்பார்கள்.

சாப்பாடு?

சோறு, மீன், கீரை, சொதி, காலையில் பிட்டு அல்லது இடியப்பம், சில நாள் குரக்கன் பிட்டு. எருமைத் தயிருக்கு இந்தப் பக்கம் பேர்போனது. சட்டியோடு வாங்கி வைப்போம். மரக்கறி மட்டும் என்றால் முன்பே சொல்லுங்கள். மதுவுக்கு இடமில்லை.

மின்சாரம், இணையம் உண்டா?

மின்சாரம் உண்டு, மழையில் நிற்கும். கைத்தொலைபேசிச் சமிக்ஞை குளக்கட்டில் நன்றாக இருக்கிறது. அங்கே நின்று பேசினால் ஊர் முழுவதும் கேட்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடல்நலம் பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

நுளம்பு வலை தருகிறோம். டெங்கு மழைக்குப் பின் கூடும். வயலில் இறங்க நினைப்போர் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுவிட்டு இறங்கவும். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். காட்டில் நடந்துவிட்டு வந்தால் உண்ணி ஏறியிருக்கிறதா என்று மடிப்புகளில் பாருங்கள். தொடர்ந்து எடுக்கும் மருந்துகளை ஒரு மாதத்துக்குக் கணக்காகக் கொண்டுவர வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரலாமா? பிள்ளைகளோடு வரலாமா?

இரண்டும் ஆம். சுற்றுலா விசாவில் ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது என்பதால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருவோர் இங்கே கட்டணப் பட்டறை நடத்தத் திட்டமிட வேண்டாம். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் எங்களை விடச் சீக்கிரம் ஊரோடு ஒட்டிவிடுகிறார்கள். கடலுக்கும் குளத்துக்கும் தனியாக விடாதீர்கள்.

முடிவில் என்ன ஒப்படைக்க வேண்டும்? ஒன்றும் முடியாமல் போனால்?

கண்காட்சியோ நூலோ கேட்பதில்லை. கடைசி வெள்ளிக்கிழமை மாலை, வாசிகசாலை மண்டபத்தில், நீங்கள் செய்ததையோ செய்ய முயன்றதையோ ஊராருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள். ஒரு கவிஞர் தன் கவிதையை வாசித்தபோது, கரைவலைச் சம்மாட்டி (வலையின் சொந்தக்காரர்) ஒருவர் எழுந்து, வாடைக்காற்று அந்த மாதத்தில் அடிக்காது என்றார். கவிஞர் அந்த வரியைத் திருத்திக்கொண்டார். ஒன்றுமே முடிக்காமல் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இழைத்த கோணல் நீத்துப்பெட்டியில் எங்கள் அடுக்களையில் இன்றும் பிட்டு அவிகிறது. ஒரு பக்கம் ஆவி கூட வருவதால் இடையில் திருப்பி வைக்க வேண்டும்.

என்ன கொண்டுவர வேண்டும்?

மூடிய சப்பாத்து, டோர்ச், குடை, உங்கள் வேலைக்கான பொருட்கள், ஒரு சாரம் அல்லது பழைய பருத்தித் துணி. ஓலை வாரும் கத்தி வாங்கி வர வேண்டாம். அக்கா தன்னுடையதைத் தருவார். போகும்போது அதைக் கழுவித் துடைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். போன தடவை ஒன்று தவறுதலாகக் கொழும்புக்குப் போய்விட்டது, அவர் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.